ஒபுயாவை மூன்று நாடுகள் பங்கு போட்ட விவரம்

1977ஆம் ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு கலைந்தபோது, விக்டோரியா ஏரியில் ஓடிய ‘உடுகு’ என்ற கப்பலில் சுக்கான் பிடித்துவந்த எலியாக்கிம் ஒபுயாவின் நிழல் கென்யாவுக்கும், குரல் தான்சானியாவுக்கும், தூக்கம் உகாண்டாவுக்கும் பங்காகப் போயின. உடம்பை எந்த நாடும் கேட்கவில்லை. அது கிசுமு துறைமுகத்தில், மழையில் நனைந்த சாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. பங்கு பிரித்ததில் அநியாயம் எதுவும் இல்லை என்றுதான் அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். விதி ஒன்றுதான்: அந்தத் தேதியில் எது எந்த மண்ணில் இருந்ததோ அது அந்த நாட்டுக்கு. ரயில் என்ஜின்கள் அப்படித்தான் பிரிந்தன, விமானங்கள் அப்படித்தான் பிரிந்தன, தபால் பைகள்கூட அப்படித்தான். உடுகு அன்று கிசுமுவில் நின்றதால் கப்பல் கென்யாவுக்கு. அதன் மேல்தளத்தில் விழுந்துகிடந்த ஒபுயாவின் நிழலும் கப்பல் சாமான்களில் ஒன்று என்று எழுதப்பட்டது. வாரத்தில் இரண்டு இரவு கப்பல் உகாண்டாவின் போர்ட் பெல்லில் தங்கும். மற்ற இரவுகளில் சுக்கானோடு விழித்திருக்கும் ஒபுயா அங்கேதான் தூங்குவார், அதனால் தூக்கம் அங்கே. குரல் மட்டும் தான்சானியாக் கரையில், எங்கள் புகோபாவில் இருந்தது. கப்பலில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்கிற மனிதர் அவர். இருந்த பேச்சையெல்லாம் புகோபாவில் இருக்கும் மனைவிக்கென்று சேர்த்து வைத்திருந்தார்.

அந்த மனைவி கெமிலெம்பே என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வாழைத்தோப்புக்கும் என் வாழைத்தோப்புக்கும் நடுவில் ஒரு வேலி மட்டும்தான், அதனால் இதில் நான் சொல்வது பெரும்பாலும் நேரில் பார்த்தது, மிச்சம் நேரில் கேட்டது. எல்லை மூடப்பட்ட மறுநாள் காலை அவள் வாசலில் உட்கார்ந்து சமையலுக்கு வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். “கெமி, வந்துட்டேன்” என்று ஒபுயாவின் குரல் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், பாதை காலியாக இருந்தது. “எங்க இருக்கீங்க?” என்றாள். “இங்கதான். மத்ததெல்லாம் அங்கேயே நின்னுபோச்சு” என்றது குரல். அவள் கொஞ்ச நேரம் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். பிறகு தோல் குவியலை ஒரு பக்கம் ஒதுக்கி, குரல் உள்ளே போக வழி விட்டாள்.

இந்த நிலைமைக்கு ஒபுயா எப்படி வந்தார் என்று சொல்ல வேண்டுமானால் 1963க்குப் போக வேண்டும். அந்த ஜூன் மாதம் மூன்று நாட்டுத் தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இந்த வருஷக் கடைசிக்குள் மூன்றும் ஒரே நாடாகிவிடும் என்று அறிவித்தார்கள். எங்கள் ஊரில் மாடு வெட்டினோம், வாழைப்பழக் கள் இரண்டு தோணி நிறைய வடித்தோம், ஏரி மீனவர்கள் மூன்று கொடிகளையும் ஒட்டுப்போட்டு ஒரே பாயாகத் தைத்துப் படகில் ஏற்றினார்கள். வருஷக் கடைசி வந்தது, நாடு வரவில்லை. நான்கு வருஷம் கழித்து, ஒரே நாடு என்பதற்குப் பதிலாகக் கூட்டமைப்பு ஒன்று வந்தது. ரயிலும் தபாலும் துறைமுகமும் கப்பலும் மூவருக்கும் பொது. அதுவே பெரிய விஷயம் என்று இருந்தோம்.

அப்படி இருக்கச் சொன்னவன் ருவெகசிரா. கெமிலெம்பேயின் அண்ணன், உடுகுவில் எழுத்தர், தொழிலாளர் சங்கச் செயலாளரும் அவன்தான். மேடையேறினால் ஆளை மயக்கிவிடுவான். “இப்ப ஆனது நிச்சயதார்த்தம், கல்யாணம் பின்னால வருது, பொண்ணு வீட்டுல கொஞ்சம் பிகு பண்ணத்தான் செய்வாங்க” என்று சொல்லி மொத்தத் துறைமுகத்தையும் சிரிக்க வைத்தான். கென்யாப் பக்கத்து லுவோ இனத்தவரான ஒபுயா அவன் பேச்சை வாயைத் திறந்துகொண்டு கேட்பார். பேசாதவர்களுக்குப் பேசுகிறவர்கள் மேல் ஒரு மயக்கம் உண்டு. இருவரும் ஒருநாள் மேல்தளத்தில், எல்லோரும் பார்க்க, எங்கள் வழக்கப்படி காப்பிப் பழம் உடைத்து ரத்தச் சகோதரர்கள் ஆனார்கள். ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டை இருக்கும். ஆளுக்கு ஒன்றை எடுத்து, தொப்புளுக்குக் கீழே சின்னதாகக் கீறி, தன் ரத்தத்தில் தோய்த்து உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும். மற்றவன் அதை உதட்டால் எடுத்து விழுங்க வேண்டும். அதன் பிறகு ஒருவனுக்கு ஒருவன் எதையும் இல்லையென்று சொல்லக் கூடாது. சத்தியத்தை மீறினால் விழுங்கிய கொட்டை வயிற்றில் முளைத்து, வயிறு வீங்கி ஆள் போய்விடுவான். அப்படிப் போனவர்கள் மூன்று பேரை எனக்கே தெரியும். அடுத்த வருஷம் ஒபுயா கெமிலெம்பேயைக் கட்டினார். பெண்ணுக்குப் பரிசமாகத் தர வேண்டிய மாடுகளை அதே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். கரை இறங்கிய மாடுகள் எங்கள் தோப்பில் பாதியைத் தின்றுவிட்டன. சம்பந்திகளுக்குள் வந்த சண்டை அது ஒன்றுதான்.

எழுபத்து மூன்றில் கப்பல் ஊழியர்களுக்கு ஒரு படிவம் வந்தது. மற்ற கேள்விகளெல்லாம் வழக்கமானவைதான், ஒரு கேள்வி மட்டும் புதிது: நீ எந்த நாட்டான்? அதற்குள் மூன்று நாட்டுக்கும் தனித்தனிப் பணம் வந்துவிட்டது, எல்லையில் பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது. ருவெகசிரா ஊழியர்கள் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினான். “எல்லாரும் கிழக்காப்பிரிக்கான்னு எழுதுங்க. மொத்தக் கப்பலும் அப்படி எழுதினா அவங்க நம்மள எப்படிப் பிரிப்பாங்கன்னு பாத்துடலாம்” என்றான். கைத்தட்டல் எழுந்தது. ஒபுயா அன்று வழக்கத்துக்கு மாறாக ஒரு கேள்வி கேட்டார்: “மச்சான், நீயும் அப்படித்தானே எழுதப்போற?” ருவெகசிரா அவர் தோளில் கை போட்டு, “உன் ரத்தம் என் வயித்துக்குள்ள இருக்கு. இது ஒரு கேள்வியா?” என்றான். ஒபுயா மையால், அழித்துவிட முடியாதபடி, பெரிய எழுத்தில் எழுதினார். படிவங்களை ருவெகசிராவே வசூல் செய்தான். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை.

கூட்டமைப்பு கலைந்ததும் ஒபுயாவின் உடம்பு கிசுமுவில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது. பேச்சு இல்லாததால் சிலேட்டில் எழுதிக் காட்டும். எல்லை தாண்டி மனைவியிடம் போக ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அவருடைய கோப்பைப் புரட்டிப் பார்த்த ஒரு அதிகாரி, கெட்டவன் இல்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டான். “பெரியவரே, நீங்க எழுதியிருக்கிறது நாடு இல்ல, திசை. திசைக்கெல்லாம் நான் எப்படி பாஸ்போர்ட் குடுக்கிறது?” என்றான். உங்கள் கிராமத்துக்காரர்களைக் கூட்டி வாருங்கள் என்றான். கூட்டி வந்தார். அவர்கள் இவன் எங்கள் பிள்ளை என்று சத்தியம் செய்தார்கள். சத்தியம் சரி, ஆனால் அவரே கையெழுத்துப் போட்டு வேறு மாதிரி சொல்லியிருக்கிறாரே என்றான் அதிகாரி. சக ஊழியர்கள் யாருக்கும் இந்தத் தொல்லை வரவில்லை. அது ஏன் என்று ஒபுயா யோசித்ததாகத் தெரியவில்லை. நம்புகிறவர்களுக்கு அந்த யோசனை கடைசியில்தான் வரும். அவர் துறைமுகத்திலேயே தங்கிவிட்டார். உடுகு துருப்பிடித்துக் கட்டிக் கிடந்தது, மேல்தளத்தில் நிழல் கட்டிக் கிடந்தது, கீழே உடம்பு கயிறு சுருட்டும் வேலை பார்த்தது. ஏழு வருஷம் கண் மூடவில்லை.

தூக்கத்தின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எழுபத்தெட்டுக் கடைசியில், நேற்றுவரை ஒரே கப்பலில் பங்காளிகளாக இருந்த உகாண்டாவும் தான்சானியாவும் எங்கள் வாழைத்தோப்புகளின் மேல் குண்டு போட்டுச் சண்டையிட்டன. அந்தப் போர் முழுக்க போர்ட் பெல்லில் காவலுக்கு நின்ற ஒரு சிப்பாய் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. பீரங்கிச் சத்தத்தில்கூட அவன் முகத்தில் நிம்மதி இருந்தது என்கிறார்கள். ஒபுயாவின் தூக்கம் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு அது யார் கைக்குப் போனது என்ற தகவல் இல்லை.

எங்கள் பக்கத்தில் குரல் நன்றாகவே வாழ்ந்தது. காலையில் கெமிலெம்பேயை எழுப்பும், சந்தைக்கு அவளோடு போய்க் காய்க்குப் பேரம் பேசும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அடிக்குரலில் பாடும். என் மனைவி வேலிக்கு மேலாக, “உனக்கென்னடி, சட்டை துவைக்க வேண்டாம், சோறு போட வேண்டாம், புருஷன்னா இப்படியில்ல இருக்கணும்!” என்று கேலி செய்வாள். கெமிலெம்பே சிரிப்பாள். ஆனால் சாப்பாட்டு வேளையில் குரல் பேசிக்கொண்டே இருக்க, எதிரே யாருமில்லாத முக்காலியைப் பார்த்தபடி அவள் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். “அவரு சாப்பிட்டிருப்பாரா?” என்று ஒருநாள் குரலிடமே கேட்டாள். “எனக்கெப்படித் தெரியும்? நான் இங்க இருக்கேன்” என்றது அது.

ருவெகசிரா இதற்குள் புகோபா துறைமுகத்தில் பெரிய அதிகாரி ஆகிவிட்டான். ஒருநாள் பேனாவும் பேரேடுமாகத் தங்கை வீட்டுக்கு வந்து, இந்தக் குரல் பாகப்பிரிவினையில் அரசுக்குச் சேர்ந்த சொத்து, சும்மா வைத்திருக்க முடியாது என்றான். கெமிலெம்பேக்குக் கோபம்தான், ஆனால் அண்ணன் சொன்னால் தட்டிப் பழக்கமில்லை. அடுத்த வாரத்திலிருந்து குரல் துறைமுகத்தில் அறிவிப்பாளர் ஆனது. எந்தப் படகு எப்போது வரும், எது எங்கே கிளம்பும், மீன் மூட்டையை எந்தப் பக்கம் இறக்க வேண்டும் என்று சொல்லும். அரசாங்கத் தொப்பி ஒன்று கொடுத்தார்கள், அதைக் கம்பத்தில் மாட்டி வைத்தார்கள். குடியுரிமைக் காகிதமும் ருவெகசிராவே வாங்கிக் கொடுத்தான். கப்பலில் ஊமைபோல் கிடந்தது, எங்கள் ஊர் இழுவையோடு மணிக்கணக்கில் பேசக் கற்றுக்கொண்டது. சாயங்காலம் வேலை முடிந்து வீடு திரும்பும்.

ருவெகசிராவை ஊர் சந்தேகப்படவே இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வருஷங்களில் பதவிக்கு வந்த எல்லோருக்கும் வயிறு முன்னால் வந்தது, ருவெகசிராவுக்கு மட்டும் பாய் விரித்த மாதிரி தட்டையாகவே இருந்தது. ரத்தச் சகோதரன் அங்கே அநாதையாக நிற்கிறானே, இவன் ஒரு காகிதம் போட்டால் கூப்பிட்டுக்கொள்ளலாமே என்று யாராவது முணுமுணுத்தால், “அவன் வயித்தப் பாரு! சத்தியம் தப்பினவன் வயிறா அது? அவனால ஆனதச் செஞ்சுகிட்டுத்தான் இருப்பான்” என்று நாங்களே பதில் சொன்னோம். நானும் சொன்னேன். கெமிலெம்பேயும் அதைத்தான் நம்பினாள். அண்ணன் எதிரே வரும்போதெல்லாம் முறைப்படி மண்டியிட்டு வணக்கம் சொல்லும்போது, அவள் கண் முதலில் அவன் வயிற்றுக்குத்தான் போகும், பிறகு நிம்மதியாகத் தலை குனிவாள்.

எண்பத்திரண்டில் ஒருநாள் கணவருக்காக இன்னொரு மனு எழுதிக்கொண்டு அண்ணன் அலுவலகத்துக்குப் போனாள். அவன் படகுத்துறையில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். “மேசை டிராயர்ல முத்திரை இருக்கும், நீயே குத்திக்க” என்று அங்கிருந்தே கத்தினான். டிராயரில் முத்திரைக்குக் கீழே, எழுத்தராக இருந்தபோது அவன் எடுத்து வைத்த உடுகு ஊழியர்களின் பழைய படிவ நகல் கட்டு இருந்தது. மேலே இருந்தது அவனுடையது. நாடு என்ற இடத்தில் தான்சானியா என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தான். அவள் கட்டு முழுவதையும் புரட்டினாள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அவரவர் நாட்டை எழுதியிருந்தார்கள், ஒபுயாவைத் தவிர. படிவத்தோடு ஊசி குத்தி வைத்த சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்றும் இருந்தது. பிரித்தாள். உள்ளே ஒரு காப்பிக் கொட்டை, கறுத்துக் காய்ந்த ரத்தத்தோடு. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ருவெகசிரா உள்ளே வந்தபோது அவள் அதை உள்ளங்கையில் வைத்திருந்தாள். “ஏன் முழுங்கல?” என்றாள்.

அவன் கதவைச் சாத்தினான். “நாக்குக்கு அடியில வச்சிருந்தேன். அப்புறம் துப்பிட்டேன். தூக்கிப்போட மனசு வரல.”

“அவரு முழுங்கினாரே அண்ணே.”

“அவன் எதச் சொன்னாலும் முழுங்குவான். எனக்குப் புள்ளைங்க இருக்கு கெமி. மேடையில பேசுறது வேற. பேனாவக் கையில எடுத்தா பயமாயிருக்கு. எங்கயாவது ஒரு இடத்துல கால் ஊன வேண்டாமா?”

அவள் கொட்டையை அவன் மேசைமேல், முத்திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிறு தேவாலய வாசலில் அண்ணன் எதிரே வந்தபோது அவள் மண்டியிடவில்லை. நின்றபடியே அவன் முகத்தைப் பார்த்தாள். ஊர் முழுக்க அதைப் பார்த்தது, காரணம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. ருவெகசிராவுக்கு எதுவும் ஆகவில்லை. முழுங்காதது எப்படி முளைக்கும்? வயிறு கடைசிவரை தட்டையாகவே இருந்தது.

விஷயத்தை அன்று சாயங்காலமே அவள் குரலிடம் சொல்லி அழுதாள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே நெஞ்சு எரிந்தது. குரல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. பிறகு, “அவன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு கெமி” என்றது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு, குரல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எல்லை எண்பத்து மூன்று கடைசியில் திறந்தது. மூன்று நாடுகளும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட எண்பத்து நான்கில், பழைய ஆட்களிடம் காகிதம் கேட்பதைக் கொஞ்ச நாள் விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் ஒபுயா வேறொரு கப்பலேறி வந்தார். நிழலை அவிழ்த்துக்கொண்டுவரக் கென்யா ஒப்பவில்லை, அது உடுகுவின் சாமான். நல்ல வெயிலில், காலடியில் ஒன்றுமில்லாமல், தலை முழுக்க நரைத்துப்போய், தூங்காத கண்ணோடு அவர் எங்கள் பாதையில் நடந்து வந்தார். கெமிலெம்பே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அந்த முக்காலியில் உட்கார வைத்தாள். வாழைக்காயும் பீன்ஸும் மூன்று தட்டு சாப்பிட்டார். பிறகு இருவரும் குரல் வேலை முடிந்து வருவதற்காகக் காத்திருந்தார்கள். ஏழு வருஷமாக அவர் காத்திருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான், பெண்டாட்டியின் எதிரே உட்கார்ந்து அவள் பேரைத் தன் வாயால் சொல்வதற்கு.

குரல் வந்தது. வாசலிலேயே நின்றுவிட்டது. ஒபுயா சோறு ஊட்டக் காத்திருக்கும் குழந்தைபோல வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டார்.

“வந்துட்டாரு பாரு. உள்ள போ” என்றாள் கெமிலெம்பே.

“அவருகிட்ட என்ன பேப்பர் இருக்கு?” என்றது குரல்.

“என்ன கேட்ட?”

“எனக்கு இங்க வேலை இருக்கு கெமி. பேர் இருக்கு. அந்த வாய்க்குள்ள போனா மறுபடி நான் எந்த ஊர்னு கேப்பாங்க, பதில் இருக்காது. நான் இப்படியே இருந்துக்கறேன். அவரும் இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. எங்கயாவது ஒரு இடத்துல கால் ஊன வேண்டாமா?”

“உனக்கு ஏது கால்?” என்றாள் அவள்.

பிறகு குரல் கெஞ்ச ஆரம்பித்தது. ஏழு வருஷமாக அவளிடம் பேசிய அன்பான பேச்செல்லாம், அவளைத் தனியாகக் கூப்பிடும் செல்லப்பேர் முதற்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது. பொய் இல்லை, எல்லாம் உண்மையான பிரியம்தான். தன் சொந்தக் குரல் தன் மனைவியிடம், என்னை வைத்துக்கொள், அந்த ஆளிடம் அனுப்பாதே என்று மன்றாடுவதை ஒபுயா திறந்த வாய் மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ருவெகசிரா மேல் எனக்கு வந்த கோபத்தைவிட அந்தக் குரல்மேல் வந்த கோபம் பெரிது. மச்சான் கழுத்தறுப்பான், நாட்டை ஆள்பவர்கள் கழுத்தறுப்பார்கள், இதெல்லாம் உலகத்தில் உள்ளதுதான். சொந்தத் தொண்டையில் பிறந்தது செய்யலாமா?

கெமிலெம்பே எழுந்து கதவை முழுசாகத் திறந்தாள். “இது என் புருஷன் வீடு. வெளியே போ” என்றாள். குரல் போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அது வேலியோரமாக என்னைத் தாண்டி முணுமுணுத்துக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் போனது. அவள் உள்ளே வந்து, ஒபுயாவின் தாடையில் கை வைத்து, திறந்திருந்த வாயை மெதுவாக மூடினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேசுவது அவள் மட்டும்தான், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். குரல் துறைமுகத்திலேயே குடியேறிவிட்டது. வெளியூர்க்காரர்கள் ஆள் எங்கே என்று தேடுவார்கள், ஊர்க்காரர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ருவெகசிரா பென்ஷன் வாங்கிக்கொண்டு, நல்ல சாவாகச் செத்தான். இரண்டாயிரத்தில் மூன்று நாடுகளும் மறுபடி ஒரு கூட்டமைப்பு அமைத்தன. இந்தத் தடவை நிஜமாகவே ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே பணம் வரை போகப்போகிறார்கள் என்றார்கள். அந்த அறிவிப்பைச் செய்யும் பொறுப்பு எங்கள் ஊரில் குரலுக்குத்தான் வந்தது. காற்று துறைமுகத்திலிருந்து வீசிய காலை அது. எத்தனை அழகாகப் பேசியது என்கிறீர்கள்! ஒரே ஏரித் தண்ணீரைக் குடிக்கும் நாம் இனி ஒரே வீடு என்றது, எங்கள் கண்ணெல்லாம் கலங்கியது, தோப்புகளுக்கு நடுவே ஆட்கள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்த கெமிலெம்பே நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். ஒபுயா எழுந்து சன்னலருகே வந்து நின்று, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாளில் ருவெகசிராவின் மேடைப்பேச்சுக்கு மலர்ந்த மாதிரியே அவர் முகம் மெல்ல மலர்ந்துகொண்டு வந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சன்னலைச் சாத்தினாள்.